ஸ்ரீ சீனிவாசன் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அல்ல

“அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக நம்ம ஊர்த் தமிழரை டிரம்ப் நியமித்தார்” என்று ஸ்ரீ சீனிவாசன் படத்துடன் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். 2005 முதல் அவர்தான். சீனிவாசன் இருப்பது அதற்கு ஒரு படி கீழே, வாஷிங்டனில் உள்ள டி.சி. சர்க்யூட் ஃபெடரல் (மத்திய) மேல்முறையீட்டு நீதிமன்றத்தில். அவரை நியமித்தவர் ஒபாமா. அந்த நியமனத்துக்கு 2013 மே 23 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 97 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. இரு கட்சிகளும் ஒன்றுசேர்ந்து கொடுத்த அங்கீகாரம் அது. இதைச் சொன்னாலே போதுமான பெருமைதானே?

அப்புறம் டிரம்ப் பெயர் எங்கிருந்து வந்தது? 2020 பிப்ரவரியில், டிரம்ப் ஆட்சிக் காலத்தில், சீனிவாசன் அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். ஆனால் அந்தப் பொறுப்பை அதிபர் கொடுப்பதில்லை. 65 வயதாகாத நீதிபதிகளில் பணியில் மூத்தவருக்குச் சட்டப்படி தானாக வந்து சேரும், அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்கு.

குடும்பத்தின் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பது உண்மை. ஆனால் அவர் பிறந்தது சண்டிகரில், வளர்ந்தது கான்சாஸ் மாநிலத்தில்.

ஃபெடரல் ஜுடிஷியல் சென்டர் இணையதளத்தில் எல்லா ஃபெடரல் நீதிபதிகளின் பணி விவரமும் இருக்கிறது. வாக்கெடுப்பு விவரத்தை செனட் இணையதளத்தில் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்; அனுப்பியவரிடமும் சரியான தகவலைச் சொல்லுங்கள்.