ரங்கூனில் தெருச்சண்டை நடக்கவில்லை

இரண்டாம் உலகப்போரில் பர்மாவின் அன்றைய தலைநகர் ரங்கூனை பிரிட்டிஷ் படை மீட்டது பற்றி, "1945 மே 3-ல் ஜப்பானியரோடு தெருத்தெருவாகச் சண்டையிட்டு ரங்கூனை மீட்டார்கள், ஐ.என்.ஏ. (சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவம்) அதற்கு முன்பே ஓடிவிட்டது" என்று ஒரு கூற்று உண்டு. அதில் தேதி மட்டும்தான் சரி.

ஜப்பானியத் தளபதி கிமுரா ஏப்ரல் 23 வாக்கிலேயே தலைமையகத்தை ரங்கூனிலிருந்து தென்கிழக்கே உள்ள மௌல்மீனுக்கு மாற்றிவிட்டார். மாத இறுதிக்குள் படையும் வெளியேறியது. ரங்கூன் சிறையிலிருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 'ஜப்பானியர் போய்விட்டனர்' என்று கூரையில் பெரிதாக எழுதினார்கள். மே 2-ல் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி சாண்டர்ஸ் நகருக்கு அருகே மிங்களடோன் விமானத்தளத்தில் இறங்கி, குண்டுக்குழிகளில் விமானம் சேதமானதால் சிறைவரை நடந்தே போனார். பிறகு ஆற்றில் படகேறிப்போய், வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் படைக்குத் தகவல் சொன்னார்.

அப்படியானால் கடல்வழியாக ரங்கூனைப் பிடிக்கும் பிரிட்டிஷ் திட்டமான டிராகுலா நடவடிக்கை எதற்கு? வடக்கிலிருந்து தரைவழியாக முன்னேறிய பிரிட்டிஷ் 14-வது படை பெருமளவு விமானச் சப்ளையை நம்பியிருந்தது. பருவமழை பிடித்தால் அது தடுமாறும், அதற்குள் துறைமுகம் வேண்டும். ஆற்றுமுகத்துப் பீரங்கிகளை அடக்க மே 1-ல் கூர்க்கா பாராசூட் வீரர்கள் எலிபென்ட் பாயிண்ட் அருகே குதித்தார்கள். உண்மையான சண்டை அங்கேதான். மறுநாள் 26-வது இந்திய டிவிஷன் ஆற்றின் இருகரையிலும் இறங்கியது. வடக்கிலிருந்து வந்த 17-வது டிவிஷனோ ரங்கூனுக்கு வடக்கே பெகு நகரின் பக்கம் மழை வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது.

ஐ.என்.ஏ. பற்றிய வரி பெரிய அநியாயம். போஸ் ஏப்ரல் 24-ல் கிளம்பினார், உண்மை. ஆனால் தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் சில ஆயிரம் வீரர்கள் நகரிலேயே இருந்து, கொள்ளை பரவாமல் காவல் காத்து, பிறகுதான் சரணடைந்தார்கள்.