சலம் (சிறுநீர்) குறைந்ததை நாங்கள் கவனிக்கவில்லை

கடுமையான பக்டீரியாத் தொற்றில் சிறுநீரகம் பழுதாவது பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், சேறு வழியாகத் தொற்றும் எலிக்காய்ச்சலுக்கு அதில் ஒரு வரிதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது போதாது. 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனது இந்தக் காய்ச்சல்தான்.

எங்கள் பெரியப்பா வெறுங்காலோடு வயலில் நின்று வரம்பு கட்டியவர். காய்ச்சலோடு கெண்டைக்காலில் தொடவே விடாத நோ. இரண்டு நாள் பனடோல், அப்புறம் கடையில் வாங்கிய நோக்குளிசை. ஐந்தாம் நாள் கண் சிவந்து மஞ்சள் பூத்திருந்தது. காலையிலிருந்து சலம் போனது ஒரே தடவை, அதுவும் தேயிலைச் சாயம் மாதிரி. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறிவிட்டது, நாலு தடவை இரத்தச் சுத்திகரிப்பு. நேரத்தோடு வைத்தியம் கிடைத்தால் இந்த நோயில் சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். அவருக்கும் தேறியது.

அந்த நோக்குளிசைதான் இன்னும் மனதை அரிக்கிறது. டைக்ளோபெனாக் வகை நோக்குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பவை. காய்ச்சல்காரருக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வயலில் இறங்குமுன் சுகாதாரப் பரிசோதகரிடம் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்து பற்றிக் கேளுங்கள். காய்ச்சல் வந்தால், சேற்றில் நின்றதை வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை.