அரசலாற்றுக்கு ஒரு பொது மேசை வேண்டும்

காவிரியிலிருந்து பிரிந்து, கும்பகோணத்தின் தென்புறமாக ஓடி, பூந்தோட்டம் என்ற ஊரின் பக்கமாகச் சென்று காரைக்காலில் கடலைச் சேரும் அரசலாற்றின் கரைகளில், ஆற்றைக் காக்க வேண்டும் என்று உழைக்கும் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. பாசன விவசாயிகள் சங்கங்கள், இளைஞர் நற்பணி மன்றங்கள், வர்த்தகர் சங்கங்கள், கோயில் திருப்பணிக் குழுக்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், கடலோரத்தில் மீனவர் பஞ்சாயத்துகள் என்று எல்லோரும் ஏதோ ஒரு வகையில் ஆற்றுக்காகக் கை கொடுத்தவர்கள்தாம். அப்படியிருந்தும் ஆறு நலிந்துகொண்டே வருவதற்குப் பணப் பற்றாக்குறையைப் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவும் தன் ஊர் எல்லையோடு ஆற்றை முடித்துக்கொள்வதே அதைவிடப் பெரிய காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். எல்லாக் குழுக்களும் ஒரே மேசையில் கூட்டமைப்பாக உட்கார வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தண்ணீரில் மிதந்து பரவும் வெங்காயத் தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் நல்ல மனத்தோடு இளைஞர்கள் இறங்கி, பாலத்தடியில் அடைத்திருப்பதை அறுத்து நீரோட்டத்தில் தள்ளிவிடுகிறார்கள். அந்த ஊர் தப்பித்துவிடும். அடுத்த நாள் அதே செடி கீழே உள்ள கதவணையில் வந்து அடைத்துக்கொள்ள, அங்கே கதவணையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரான லஸ்கரும் விவசாயிகளும் கம்பும் கொக்கியுமாகப் போராடுகிறார்கள். கரையில் குவித்துவிட்டுப் போனாலும், ஆறு ஏறும்போது அது மறுபடி தண்ணீருக்குள் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து முளைக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கோ ஒடிந்த தண்டு ஒதுங்கிய இடத்திலேயே வேர் பிடித்துவிடும். இவ்விரண்டையும் ஆறு பிரியும் தலைப்பிலிருந்து வரிசையாக, ஒரே பருவத்தில், கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினால் ஒழியக் கட்டுப்படுத்த முடியாது. எந்தத் தனி ஊராலும் அது ஆகாது.

அந்தப் பருவமும் நம் கையில் இருக்கிறது. வழக்கமான ஆண்டில் மேட்டூர் அணை ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. இடைப்பட்ட நான்கரை மாதங்களில் எந்த மதகு பழுது, எந்தக் கரை பலவீனம், எந்த வடிகால் தூர்ந்திருக்கிறது என்று முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவிட்டால், தூர்வாரும் வேலை தண்ணீர் வருகிற நேரத்தில் அவசர அவசரமாக நடக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளில் கண்டது என்னவென்றால், மேல்பகுதியில் வேலை முடிந்து ஆற்றின் கடைசிப் பகுதியான கடைமடைக்கு இயந்திரம் வருவதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. குறுவைக்குத் தண்ணீர் எட்டாத வயல்காரர்களே ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் அடைத்துச் சம்பாப் பயிர் மூழ்கவும் பார்க்கிறார்கள்.

இந்தப் பேச்சில் மீனவர்களை நாம் ஏன் சேர்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். காரைக்காலில் அவர்களுடைய படகுகள் போய்வருவது அரசலாற்று முகத்துவாரத்தின் வழியாகத்தான். ஆற்றில் நீர் வேகம் குறைந்தால் கடல் கொண்டுவந்து சேர்க்கும் மணல் வாயை அடைக்கிறது, படகு தரைதட்டுகிறது. வெள்ளக் காலத்தில் அதே அடைப்பு மேலே உள்ள வயல்களின் தண்ணீரையும் வடியவிடாமல் நிறுத்துகிறது. கோடையில் நன்னீர் வராதபோது உப்புநீர் உள்ளே ஏறி, கரையோரத்து ஆழ்குழாய்க் கிணறுகளைக் கெடுக்கிறது. நெல் விளைவிக்கிறவருக்கும் வலை வீசுகிறவருக்கும் ஒரே ஆற்றிடம் ஒரே தேவை இருக்கையில், இருவரும் தனித்தனி மனுக்களோடு தனித்தனி அலுவலக வாசல்களில் நிற்கிறோம்.

அலுவலகங்களும் தனித்தனிதான். அரசலாறு தமிழ்நாட்டு மாவட்டங்களைக் கடந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் நுழைகிறது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பிலும் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. காவிரி நீர் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. எல்லைக்கு இருபுறமும் உள்ள பொறியாளர்கள் கடிதம் எழுதிப் பதில் வாங்குவதற்குள் ஒரு போகம் முடிந்துவிடும். மக்கள் குழுக்களுக்கு அந்தத் தடை இல்லை.

புதிய ஏற்பாடு எதையும் நான் கேட்கவில்லை. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்காகத் தமிழ்நாடு கொண்டுவந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம், எல்லையை நீரோட்டத்தின் அடிப்படையில் வகுக்கச் சொல்கிறது; நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கு மேலே பகிர்மானக் குழுவையும் திட்டக் குழுவையும் வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சங்கங்களில் நிலம் உள்ளவர்களுக்குத்தான் இடம். ஊர் மக்களே நீர்நிலைகளைப் பராமரித்த குடிமராமத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள், 1858-இல் ஆங்கிலேய அரசு அந்த வேலைக்காகக் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்ததையும், மண்வெட்டி பிடித்த கைகளில் பெரும்பாலானவை நிலமற்றவர்களுடையவை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஆற்றில் நகரத்துச் சாக்கடை கலந்தால் முதலில் சொறி வருவது அதில் இறங்கிக் குளிக்கும் கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்குத்தான். தலைமுறை தலைமுறையாக வாய்க்காலைப் பார்த்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிவந்த நீர்க்கட்டிக்குத் தெரிந்த விவரம் எந்த வரைபடத்திலும் இருக்காது. அவர்கள் பேச இடமில்லாத கூட்டமைப்பு எனக்கு வேண்டாம்.

ஆகவே, அணை மூடியபின் வரும் மாசி மாதத்தில், தலைப்பிலிருந்து முகத்துவாரம் வரை உள்ள எல்லாக் குழுக்களும் ஆளுக்கு இருவரை அனுப்பி ஒரு நாள் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இருவரில் ஒருவர் நிலமற்றவராகவோ பெண்ணாகவோ இருக்கட்டும். தங்கள் பகுதியில் சாக்கடை கலக்கும் இடங்கள், பழுதான மதகுகள், குப்பை கொட்டும் படித்துறைகள் ஆகியவற்றைப் படத்தோடு எழுதிக் கொண்டுவரட்டும். மாலைக்குள் அவை ஒரே மனுவாகி, நீர்வளத் துறைக்கும் காரைக்கால் நிர்வாகத்துக்கும் ஒரே நாளில் போகட்டும். கும்பகோணத்துக்கும் காரைக்காலுக்கும் இடையில் இருப்பதால் பூந்தோட்டம் எல்லோருக்கும் வசதிப்படும் என்று தோன்றுகிறது. வேறு ஊர் பொருத்தமென்றால் சொல்லுங்கள். எந்தக் குழு வரும், யார் வருவார்கள் என்பதையும் இப்பதிவின் கீழேயே எழுதுங்கள்.