பனி டிரோலைப் பார்த்து ஓட வேண்டியதில்லை
ஸ்கைரிம் என்ற வீடியோ கேமில், ஹை ஹ்ராத்கர் என்ற மலை உச்சி மடத்துக்குப் போகும் பாதையில் நிற்கும் பனி டிரோல் என்ற அரக்க விலங்கைப் புதிதாக ஆடுபவர்கள் கொல்லவே முடியாது, ஓடுவதுதான் ஒரே வழி என்று இந்த கேமைப் பற்றிய ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பது சரியில்லை. ஆட்டம் தொடங்கும்போதே எல்லோருக்கும் கையிலிருந்து தீயைப் பீய்ச்சும் ஃபிளேம்ஸ் மந்திரம் இருக்கிறது, டிரோலுக்கு நெருப்புதான் ஆகாது. கிருஷ்ணகிரியில் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில், மாம்பழ சீசன் லீவில்தான் முதலில் ஆடினேன். இரும்பு வாளை வைத்துக்கொண்டு ஏழெட்டு முறை செத்தேன். டிரோலின் காயம் தானாக ஆறும் என்பது அப்போது தெரியாது. நாம் பின்வாங்கி மருந்து குடிப்பதற்குள் அதன் உயிர்ப் பட்டை மறுபடி ஏறிவிடும், அவ்வளவு வெறுப்பாக இருக்கும். அப்புறம் அண்ணன் சொன்னபடி, ஆட்டத்தில் நமக்குத் துணையாக வரும் வீராங்கனை லிடியாவை முன்னால் விட்டு, அவள் மேல் தீ படாமல் பக்கவாட்டில் நின்று, இரண்டு கையிலும் ஃபிளேம்ஸ் வைத்து விடாமல் எரித்தேன், விழுந்துவிட்டது. இடைவெளி விடாமல் அடிப்பதுதான் முக்கியம். மந்திரம் பிடிக்காதவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். வில் எடுங்கள், டிரோலுக்குத் தூரத்திலிருந்து தாக்கத் தெரியாது, அது ஏற முடியாத பாறை கிடைத்தால் நமக்கு அடியே விழாது.