அப்பா வாயால் கொடுத்த நிலம்

"எனக்குச் சொத்து முக்கியமில்லை சார், நியாயம் கிடைச்சாப் போதும்." பாகப்பிரிவினை கேஸ் போட வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். கும்பகோணம் பக்கம் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பதால் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. எங்கள் சீனியர் மனசுக்குள் சிரித்துக்கொள்வார். எனக்கென்னவோ அவர்கள் பொய் சொல்வதாகத் தோன்றியதே இல்லை.

அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனால் ஊர் உடனே பேராசை என்று முடிவு கட்டிவிடும். இன்னும் கொஞ்சம் பேசினால் பழி மருமகள்கள் தலையில் விழும். பேராசைக்காரர்கள் இல்லாமலில்லை. அப்பாவின் உடம்பு கூடத்தில் கிடக்கும்போதே பீரோ சாவியைத் தேடியவர்களும் உண்டு. ஆனால் நான் பிரித்துப் பார்த்த கேஸ் கட்டுகள் பலவற்றிலும் உள்ளே இருந்தது வேறு ஆள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வரிகூட எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்த அப்பா. என் கட்சி இதுதான்: பிள்ளைகள் சண்டைக்கு முதல் காரணம் பெற்றவர்களின் வாய். செத்தவரைக் குறை சொல்லாதே என்பார்கள். நான் செத்தவர்களைச் சொல்லவில்லை, இன்னும் உயிரோடு இருப்பவர்களைச் சொல்கிறேன்.

எப்படி நடக்கிறது தெரியுமா? பெரியவன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வயலில் இறங்குகிறான். "கடைசி வரைக்கும் எங்களோட இருக்கப்போறவன் நீ. வீடும் வாய்க்கால் ஓரத்து மூணு மா நிலமும் உனக்குத்தாண்டா" என்கிறார் அப்பா. சின்னவன் சென்னையில் வேலைக்குப் போய், ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடப் பணம் அனுப்புகிறான். "இந்த வீடு உன் காசுல நிக்குதுப்பா, இதை வேற யாருக்குக் கொடுப்பேன்" என்று போனில் சொல்கிறார். பெண் பிரசவத்துக்கு வந்திருக்கும்போது "எல்லாத்துலயும் உனக்கும் சமமா உண்டும்மா" என்று அவள் தலையைத் தடவுகிறார். மூன்றுமே அந்தந்த நேரத்தில் மனசாரச் சொன்னவை. மூன்று பேரும் அதை நம்பித்தான் வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள். காரியம் முடிந்து, வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுக்கிற நேரத்தில்தான் ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியவருகிறது. மூவரும் நியாயம்தான் கேட்கிறார்கள். மூவரிடமும் அப்பாவின் வாக்கு இருக்கிறது.

சட்டத்தின் காதில் இந்த வாக்கு எதுவும் விழாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அப்பாவைப் பெற்ற தாய் என்று எல்லோருக்கும் ஆளுக்கொரு சம பங்கு. (பாட்டிக்குப் பங்கு உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.) யார் படிப்பை விட்டது, யார் தளம் போட்டது, யார் மூத்திரத் துணி அலசியது என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை.

மூத்திரத் துணி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் அதை அலசியது மகனுமில்லை, மகளுமில்லை. மருமகள்தான். படுக்கையில் கிடந்த மாமியாரைப் புரட்டிப் போட்டு, புண் வராமல் பவுடர் போட்டு, வேளைக்குக் கஞ்சி கரைத்து ஊற்றியவள். மாமியார் உயில் எழுதாமல் போனால், மருமகள் என்கிற முறையில் அந்தச் சொத்தில் அவளுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. புருஷன் பங்குதான் அவள் பங்கு என்று சமாதானம் சொல்வார்கள். அமெரிக்காவில் இருக்கிற ஓரகத்திக்கும் அதே கணக்குத்தானே? பாகம் பேச உட்கார்ந்தால் முதலில் எழுப்பி அனுப்பப்படுவது இவள்தான், "நீ உள்ள போம்மா, இது எங்க குடும்ப விஷயம்" என்று. பிறகு சமையலறையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுந்துவிட்டால் "பாத்தியா, எல்லாம் அவ தூண்டி விடறதுதான்."

ஒரு முறை ஒரு பாட்டி ஆட்டோ பிடித்து ஆபீசுக்கு வந்தார். தன் பேரில் இருந்த வீட்டில் பாதியை மருமகள் பேருக்கு உயில் எழுத வேண்டும் என்றார். கூட வந்த மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எனக்குக் கொடுத்தா என்னம்மா, அவளுக்குக் கொடுத்தா என்ன" என்றான். "என்னைக் குளிப்பாட்டினது நீயா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பெரிய பெரிய படிப்பு படித்தவர்களிடம்கூட இந்தத் தெளிவை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது அக்கா தங்கைகள். "2005-ல ஏதோ சட்டம் வந்துச்சாமே, அதான் கேக்கறா" என்று அண்ணன்கள் சொல்லும்போது எரிச்சல் வரும். அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு, வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-லிருந்தே இருக்கிறது. குடியிருக்கும் வீட்டை மட்டும், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வருகிற வரை மகள் பாகம் கேட்க முடியாது என்று ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 2005-ல் அதையும் எடுத்தாகிவிட்டது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு மத்திய சட்டத்துக்கு முன்பே நகர்ந்தது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது இங்கே சட்டமாக 60 வருஷம் ஆனது, 1989-ல், கலைஞர் ஆட்சியில். அதிலும் 25.3.1989-க்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு இல்லை என்று ஒரு கோடு போட்டிருந்தது. 2005 மத்தியத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று கொஞ்ச காலம் குழப்பினார்கள். வேண்டியதில்லை, மகள் பிறப்பாலேயே பங்குதாரர் என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன்பே பத்திரம் பதிந்தோ கோர்ட் தீர்ப்பாணை மூலமோ முடித்த பாகப்பிரிவினைகளை இப்போது கிளற முடியாது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் நடப்பதோ பட்டுப்புடவை, ஹோட்டல் டிபன், பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம். "முப்பது பவுன் போட்டோமே" என்பது அண்ணன்களின் நிரந்தர வாதம். அந்த முப்பது பவுன் அத்தான் கடை வைக்க அடகுக்குப் போய் மூழ்கி வருஷக்கணக்காகியிருக்கும். சரி, அதையும் விடுங்கள். தம்பியை இன்ஜினியரிங் சேர்க்க விற்ற கொல்லையை யாராவது அவன் பங்கில் கழித்திருக்கிறார்களா? பெண்ணுக்குப் போட்ட நகை மட்டும் செலவுக் கணக்கில் வரும், பையனுக்குக் கட்டிய ஃபீஸ் வராது. கழிப்பதென்றால் எல்லோர் கணக்கிலும் கழியுங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடும் என்ற பயத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஏராளம். பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். பொங்கலுக்குச் சீர் வர வேண்டும். நாளைக்குப் புருஷன் வீட்டில் ஒன்று என்றால் வந்து நிற்க இடம் வேண்டும். இத்தனையும் வேண்டுமென்றால் ரோட்டோர மனையை விட்டுக்கொடு என்பதற்குப் பெயர் பாசமா? மனசார விட்டுக்கொடுக்கிற பெண்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் இஷ்டம். புருஷன் தூண்டிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். யார் தூண்டினால் என்ன, பங்கு பங்குதான். அண்ணனை யார் தூண்டினார்கள் என்று நாம் கேட்பதில்லையே.

கோர்ட்டுக்கு வந்துவிட்டால் வேறு வேடிக்கை. வழக்கு மனுவான பிராதில் நாங்கள் வழக்கமாக எழுதுகிற ஒரு வாசகம் உண்டு: "வாதியும் பிரதிவாதிகளும் மேற்படி சொத்தைக் கூட்டாக அனுபவித்து வருகிறார்கள்." ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காதவர்களைப் பற்றித்தான் இப்படி எழுதுகிறோம். கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொன்னால் கோர்ட் கட்டணம் சின்னத் தொகை. என்னை வெளியேற்றிவிட்டார்கள் என்று உண்மையைச் சொன்னால் கேட்கிற பங்கின் மதிப்புக்கேற்பக் கட்ட வேண்டும். அப்புறம் எதிருரை, வாய்தா, சாட்சி, குறுக்கு விசாரணை. கடைசியில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. யாருக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும்தான் அது சொல்லும். எந்தப் பக்கம் யாருக்கு என்பதற்கு இறுதித் தீர்ப்பாணை கேட்டுத் தனி மனு போட வேண்டும். கோர்ட் நியமிக்கிற வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளப்பார், அவர் ரிப்போர்ட்டுக்கு ஆட்சேபணை போடுவார்கள், நடுவில் அப்பீல். அதற்குள் வாதியே இறந்து அவர் பிள்ளைகளைக் கட்சி சேர்க்க வேண்டியிருக்கும். மூன்று பங்கு இருந்த இடத்தில் ஒன்பது பேர் நிற்பார்கள். பதினாறடி முகப்புள்ள வீட்டை எப்படி மூன்றாகக் கீறுவது? அப்படிப்பட்ட சொத்தை விற்றுப் பணமாகப் பிரிக்கவும், பங்குதாரரில் ஒருவரே மற்றவர் பங்கை வாங்கிக்கொள்ளவும் 1893-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு முகம் கொடுத்துப் பேசக்கூடியவர்கள் முதலிலேயே பேசியிருப்பார்கள்.

பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். தனக்கு மிஞ்சப்போவது கடைசிக் கூறு என்று தெரிந்தவன் ஓரவஞ்சனை செய்ய மாட்டான். அக்கா தங்கையையும் அந்த வரிசையில் நிறுத்தியிருந்தால் அதற்குமேல் நல்ல ஏற்பாடு கிடையாது.

பெற்றவர்கள் ஏன் எழுதி வைப்பதில்லை? உயில் எழுதினால் சாவு சீக்கிரம் வரும் என்ற பயம் சிலருக்கு. சொத்து கையில் இருக்கும்வரைதான் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள் என்ற கணக்கு பலருக்கு. இந்த இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அதில் அர்த்தமில்லாமலும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளை பேருக்கு மாற்றிச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த கொஞ்ச நாளிலேயே கட்டில் திண்ணைக்கு வந்த கதைகள் எங்களிடம் இருக்கின்றன. 2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் வாங்கிக்கொண்டு கவனிக்காதவனிடமிருந்து சொத்தைத் திரும்ப வாங்க வழி செய்கிறது. அந்த நிபந்தனை பத்திரத்தில் இல்லையே என்று தோற்றவர்கள் உண்டு. இந்தச் சட்டத்தைப் பெற்றோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பிச் சும்மா இருக்காமல், நிபந்தனையையும் உங்கள் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அதுவும் பயமாக இருந்தால் உயில் எழுதுங்கள். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை, இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. பதிந்துவிடுவது நல்லது. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும் என்பதை மறக்க வேண்டாம். கூடவே ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்று நாலு வரி எழுதுங்கள். பெரியவனுக்கு ஒரு மா கூடுதல், அவன் படிப்பை விட்டதால். சின்னவனுக்கு மாடி, அவன் காசில் கட்டியதால். பிடிக்காத பிள்ளை அப்பாவோடு சண்டை போட்டுக்கொள்ளட்டும். அண்ணனோடு போடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

அப்பா எதுவும் எழுதாமல் போய்விட்டார் என்கிறவர்கள் வருஷத் திதிக்குள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். "அம்மா இருக்கிறவரைக்கும் வேண்டாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். அம்மாவும் ஒரு பங்குதாரர். அப்பா யாரிடம் என்ன சொன்னார் என்பதற்கு மிச்சமிருக்கிற ஒரே சாட்சியும் பெரும்பாலும் அவர்தான். வெள்ளைத்தாளில் யாருக்கு எது என்று கூர்ச்சீட்டு எழுதி மடித்து வைத்துக்கொண்டு பத்து வருஷம் கழித்து எங்களிடம் கொண்டுவராதீர்கள், பதியுங்கள். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் ஏற்றிய பிறகும் பாகத்துக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. அப்பீல் வரை போகிற கேசில் வக்கீல் ஃபீஸும் கமிஷனர் செலவும் வாய்தாவுக்கு வாய்தா சென்னையிலிருந்து வந்துபோகிற செலவுமாக இதைத் தாண்டிவிடும். அதில் ஒரு பகுதி எங்கள் ஆபீசுக்குத்தான் வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.