மல்லாந்து படுப்பதும் ஆய்வுகள் உண்மையில் சொன்னதும்

கர்ப்பிணிகள் இடப்பக்கம் மட்டுமே ஒருக்களித்துப் படுக்க வேண்டும், மல்லாந்து படுத்தால் குழந்தைக்கு ஆபத்து என்று நம் வீடுகளில் சொல்லாதவர்கள் குறைவு. இதில் பாதிக்கு நல்ல சான்று உண்டு. மறுபாதிக்குப் பிந்தைய ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், 28 வாரங்களுக்குப் பிறகு குழந்தையை இழந்த 155 தாய்மார்களையும், கர்ப்பமாக இருந்த 310 பேரையும் கேட்டு ஒப்பிட்டார்கள். முந்தைய இரவு இடப்பக்கம் படுத்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 2 குழந்தைகளும், மற்றவர்களில் ஏறத்தாழ 4 குழந்தைகளும் இறந்து பிறந்ததாகக் கணக்கு வந்தது. ‘இரு மடங்கு ஆபத்து’ என்பது தலைப்பாயிற்று. அதே கணக்கின்படி இடப்பக்கம் படுக்காதவர்களிலும் ஆயிரத்துக்கு 996 பேரின் குழந்தைகள் இவ்வாறு இறக்கவில்லை என்பதைத் தலைப்பாக வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

காரணம் கற்பனையன்று. கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்து படுக்கும்போது, கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் கீழ்ப் பெருஞ்சிரையை அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால் இதயம் வெளியேற்றும் ரத்தமும் குறைவதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாங்கிக்கொள்கின்றன; ஏற்கெனவே நலிந்திருக்கும் குழந்தைக்கு இது கூடுதல் சுமையாகலாம்.

2019-இல், ஐந்து ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக்கி, குழந்தையை இழந்த 851 பேரையும் மற்ற 2257 பேரையும் ஒப்பிட்டபோது, மல்லாந்து உறங்கத் தொடங்கியவர்களிடம் இடர் ஏறத்தாழ 2.6 மடங்காக இருந்தது. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே வலப்பக்கம் திரும்பிப் படுத்த மருமகளை நள்ளிரவில் எழுப்பித் திருத்த வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. எல்லோரும் மல்லாந்து படுப்பதைத் தவிர்த்தாலும் இத்தகைய இறப்புகளில் 5.8 சதவீதமே குறையலாம் என்று அதே ஆய்வு மதிப்பிட்டது.

குழந்தையை இழந்த தாயிடம் வாரங்கள் கழித்து ‘அன்றிரவு எப்படிப் படுத்தீர்கள்?’ என்று கேட்டால், துயரத்தில் அந்த இரவைப் பலமுறை எண்ணிப் பார்த்த மனம் தரும் விடையை எவ்வளவு நம்பலாம் என்பது நியாயமான ஐயமே. ஆனால் ஞாபகப் பிசகு மட்டுமே காரணமென்றால், ‘இடப்பக்கமே நல்லது’ என்ற நம்பிக்கை பரவியிருந்த சூழலில், வலப்பக்கத்தின் மீதும் பழி விழுந்திருக்க வேண்டுமே! அது நடக்கவில்லை என்பதால் நான் இம்முடிவைத் தள்ளிவிடத் தயாராக இல்லை.

‘எல்லாம் பொய்’ என்பவர்கள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து, உறங்கும் நிலைக்கும் கர்ப்பச் சிக்கல்களுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வைக் காட்டுகிறார்கள். பின்னர் நினைவுகூர்வதை நம்பாமல் முன்னதாகவே கேட்டுப் பதிந்தது அதன் பலம். ஆனால் அது உறங்கும் நிலையைப் பார்த்தது 30 வாரங்கள் வரைதான்; அழுத்தம் மிகுந்திருக்கும் கடைசி வாரங்களைப் பற்றி அதை வைத்து எதுவும் சொல்ல இயலாது. முதல் ஆறு மாதங்களில் எப்படிப் படுத்தாலும் கவலை வேண்டாம் என்பதற்கு வேண்டுமானால் அதைத் துணைக்கு அழைக்கலாம்.

28 வாரங்களுக்குப் பிறகு ஒருக்களித்து உறங்கத் தொடங்குவதற்கு ஒரு தலையணைக்கு மேல் செலவில்லை. ஆகவே சான்று முழுமையடையாவிட்டாலும் அதைப் பரிந்துரைப்பது சரியே. அந்த ஆய்வுகள் முதன்மையாக அளந்தது உறங்கத் தொடங்கிய நிலையைத்தான். உறக்கத்தில் உடல் தானாகப் புரள்வதை அன்று. இடையில் விழித்து மல்லாந்து கிடப்பதை உணர்ந்தால், பதறாமல் பக்கவாட்டில் திரும்பி மீண்டும் உறங்கலாம் என்பதையும் அறிவுரை சொல்லும் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்த்தே சொல்ல வேண்டும். குழந்தையை இழந்த ஒருத்தியிடம் ‘நீ எப்படிப் படுத்தாய்?’ என்று உறவினர் கேட்பதற்கு இந்த எண்களில் எந்த இடமும் இல்லை.