குண்டு எறிந்தவளும் பெரியப்பாவும்

பெரியப்பா: ஏம்மா, உனக்கு ஏதோ பாராட்டு விழா என்று நினைத்து சால்வை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பொண்ணு: ஸ்டாண்ட்-அப் காமெடி என்று சொன்னேனே பெரியப்பா.

பெரியப்பா: மைக்கைப் பிடித்து என் மானத்தை வாங்கிவிட்டாய். காசு கொடுத்து வந்த சனமெல்லாம் சிரிக்கிறது!

பொண்ணு: நானாக ஒன்றும் சேர்க்கவில்லை. ‘ஷாட்புட் போட்டால் தோள் அகலமாகிவிடும், மாப்பிள்ளை கிடைக்க மாட்டான்’ என்று சொன்னது யார்?

பெரியப்பா: நான்தான்.

பொண்ணு: கிடைக்கவில்லை. வாக்கு பலித்துவிட்டது.

பெரியப்பா: எல்லாம் அந்த விளையாட்டால் வந்த வினை. அப்போதே தடுத்திருக்க வேண்டும்.

பொண்ணு: தடுத்தீங்களே! நாலு கிலோ குண்டை வைத்து வைத்துக் கறுத்துப்போன கழுத்தில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெரியம்மாவை விட்டுக் கடலை மாவு தேய்க்கச் சொன்னீங்க. ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது என்று யாரோ சொன்ன மறுநாள் மாவு நின்றது, முட்டை வந்தது.

(இந்த முட்டை எனக்குத் தெரிந்த பல வீடுகளில் வந்திருக்கிறது. கோட்டா கிடைக்காத வீடுகளில் நின்றும் இருக்கிறது.)

பெரியப்பா: விளையாடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அடக்க ஒடுக்கமாக விளையாடு. மும்பை டீமில் அந்த இங்கிலாந்துப் பெண் இல்லை, நாட் சிவர்-பிரண்ட்? 2023 மகளிர் ஐபிஎல் ஃபைனலில் கடைசிவரை அவுட் ஆகாமல் 60 ரன். கல்யாணமானதும் புருஷன் பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்டாள் பார், அது பண்பாடு.

பொண்ணு: பிரண்ட் யார் என்று தெரியுமா?

பெரியப்பா: மாப்பிள்ளைதானே? என்ன வேலை?

பொண்ணு: வேகப்பந்து. இங்கிலாந்துக்காக எல்லா வகைப் போட்டியிலும் சேர்த்து 335 விக்கெட்.

பெரியப்பா: அடேயப்பா, பெரிய இடம்! இன்னும் ஆடுகிறாரா?

பொண்ணு: 2023இல் ஓய்வு பெற்றாச்சு.

பெரியப்பா: பென்ஷன் வருமா?

பொண்ணு: பெயர் கேத்தரின்.

பெரியப்பா: மாமியாரா?

பொண்ணு: மாப்பிள்ளை.

பெரியப்பா: வெள்ளைக்காரனுக்கு ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பதென்றே தெரியாது.

பொண்ணு: பெரியப்பா, அவங்க பெண். ரெண்டு பேருக்கும் 2022இல் கல்யாணம் ஆனது.

பெரியப்பா: ...அப்போ அந்த 60 ரன்?

பொண்ணு: அது செல்லும்.

பெரியப்பா: வேண்டாம்மா, நான் டெல்லி டீம் பக்கம் போய்விடுகிறேன்.

பொண்ணு: அங்கே மரிசான் காப் இருந்தாங்க. 2018இல் தென்னாப்பிரிக்கா கேப்டனையே கட்டிக்கொண்டவங்க.

பெரியப்பா: கேப்டனா! மாப்பிள்ளை...

பொண்ணு: மகளிர் அணி கேப்டன்.

பெரியப்பா: சரி சரி, அது அவர்கள் ஊர். இங்கே நடக்குமா?

பொண்ணு: 2018 செப்டம்பரில்தான் இது குற்றமில்லை என்று ஆனது. கல்யாணத்துக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. மண்டபச் செலவு உங்களுக்கு மிச்சம்.

பெரியப்பா: எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருத்தர் இருக்கிறார். ஒரு நடை போய்...

பொண்ணு: நீங்க போய்ப் பார்த்துவிட்டு வாங்க. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ரெண்டு பெண்கள் வழக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ‘எனக்கே இது சரியாகப் புரியவில்லை’ என்று தானே மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். அப்புறம் ‘குணப்படுத்துகிறேன்’ என்று கிளம்புகிற வைத்தியத்துக்குத் தடை போட்டார். ஜட்ஜே போகிறார், ஓய்வு பெற்ற தாசில்தாருக்கு என்ன?

பெரியப்பா: எப்படிச் சுற்றினாலும் விளையாட்டில்தானே வந்து நிற்கிறது? உன் சிநேகிதி என்ன, கபடியா?

பொண்ணு: அவளா? பி.டி. பீரியடுக்கு வயிற்று வலி என்று லீவ் லெட்டர் கொடுத்தே பள்ளிக்கூடம் முடித்தவள். பந்து வந்தால் விலகி நிற்பாள்.

பெரியப்பா: ஒரு விளையாட்டும் இல்லையா? அப்போ அவளுக்கு எதனால்...

பொண்ணு: சின்ன வயதிலிருந்து வீணை.

பெரியப்பா: வீணையா?

பொண்ணு: மார்கழி தவறாமல் கோயிலில் வாசிப்பாள்.

பெரியப்பா: (போனை எடுத்து) ஏய், பாப்பாவை இன்றைக்கு வீணை கிளாஸுக்கு அனுப்பிவிட்டாயா?